பொங்கி வழியும் சாடியும் பேசாதிருக்கும் போத்தலும்

நத்தார் நெருங்குகிறதென்றால் கொச்சிக்கடை வீடுகள் சிலவற்றிலிருந்து கேக் வேகும் மணத்தோடு இஞ்சி இடிக்கும் மணமும் கலந்து வரும். பண்டிகைக்கு வருவோரை உபசரிக்க வீட்டிலேயே இஞ்சிப் பியர் ஆக்கி வைப்பது கொழும்பின் பறங்கியர் இல்லங்களிலும் கத்தோலிக்கத் தமிழர் இல்லங்களிலும் நெடுங்காலமாக இருந்து வரும் வழக்கம். வேண்டிய அளவு கடையில் வாங்கிக் கொள்ளலாம் என்று வந்தபின் இவ்வழக்கம் அருகிவிட்டது. எனினும் அற்றுப் போகவில்லை. எம் வீடு அதனை விடாத வீடுகளுள் ஒன்று.

'பியர்' என்ற சொல்லைக் கண்டு நேயர்கள் முகஞ் சுளிக்க வேண்டியதில்லை. அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் ஆக்குவதை 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தடுக்கின்றது. அவ்வழியில் நாம் எவரையும் அழைக்கவில்லை. இரண்டு நாளில் ஆக்கி, குளிர வைத்து, சில நாட்களுள் குடித்துத் தீர்க்கும் பானத்தைப் பற்றியே நாம் கூறுகின்றோம். ஆயினும் பியர் வடிப்போருக்கு நேரும் சிறு சங்கடங்கள் யாவும் இதிலும் நேரும்; அவற்றுள் அஞ்ச வேண்டியது எது, சிரித்துவிட்டுப் போக வேண்டியது எது என்பதை நாம் சற்றுக் கசப்பான முறையிலேயே கற்றுக்கொண்டோம்.

ஆக்கும் முறை எளிது. நாலு லீற்றர் நீருக்கு 200 கிராம் இஞ்சியை நசுக்கிப் போட்டு, 400 கிராம் சீனியுடன் கொதிக்க வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் தேசிக்காய்ச் சாறும் கால் தேக்கரண்டி மதுவமும் சேர்த்துச் சாடியில் மூடி வைப்பது. மதுவம் என்பது பாண் பேக்கரிகளில் மாவைப் பொங்கச் செய்கின்ற அதே நுண்ணுயிர்தான். அது சீனியை உண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடுகின்றது.

இங்கே மாணவ நேயர்களுக்கு ஒரு செய்தி. கோப்பிச் செடியை அழித்த இலைநோயை ஆராய 1880இல் இலங்கைக்கு வந்து ஏறக்குறைய இரண்டாண்டுகள் உழைத்தவர் ஹரி மார்ஷல் வார்ட் என்ற ஆங்கிலேய தாவரவியலறிஞர். அதே வார்ட்தான் பின்னர் 1892இல், ஆங்கில வீடுகளில் இஞ்சிப் பியர் ஆக்கப் பயன்பட்ட 'இஞ்சிப் பியர்ச் செடி' என்னும் கட்டியை ஆராய்ந்து, அது செடியே அன்று, ஒரு மதுவமும் ஒரு பற்றீரியாவும் கூடி வாழும் குடித்தனம் என்று வெளியிட்டார். நம் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் பூஞ்சணத்தைத் தேடிய கண்கள் பிறகு குசினிச் சாடிக்குள்ளும் நோக்கின என்பதை எண்ணுகையில் எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

இனிச் சங்கடங்களுக்கு வருவோம். சாடியின் மூடியில் துளையிட்டு றப்பர்க் குழாயொன்றைச் செருகி, மறுமுனையை நீருள்ள கிளாசுக்குள் அமிழ்த்தி வைப்போம். உள்ளிருக்கும் வாயு குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உட்செல்லாது. முதல் நாளிரவு நுரை பொங்கி இஞ்சிச் சக்கையோடு குழாய்க்குள் ஏறிவிடுவதுண்டு. பார்வைக்குப் பயங்கரம், செய்ய வேண்டியதோ குழாயைக் கழற்றிக் கழுவி மாட்டுவதுதான். குழாய் அடைத்தபடியே கிடந்தால் மட்டும் மூடி கூரைக்குப் பறக்கும். சாடியைக் குளிர்ந்த இடத்துக்கு நகர்த்தினால் உள்ளே வாயு சுருங்கி, கிளாசு நீர் குழாய் வழியே சாடிக்குள் ஏறும். அந்நீர் கொதித்தாறிய நீராயிருந்தால் பாதகமில்லை. மூடியின் றப்பர் வளையம் உள்ளே விழுந்துவிட்டதா? சுத்தமான வளையமாயின் வடிக்கும்போது எடுத்துக் கொள்ளலாம். வெப்பமானி உள்ளே உடைந்ததாயின் கதை வேறு. கண்ணாடித் தூளையும் இரசத்தையும் எந்தத் துணியும் முழுதாக வடித்துத் தராது. வடிகுழாயை வாயால் உறிஞ்சித் தொடக்குவோரையும் கண்டிருக்கின்றோம்; வாயிலுள்ள கிருமிகளுக்கும் அதனால் விருந்து கிடைக்கின்றது. குழாயை நீரால் நிரப்பித் தொடக்குவதே முறை.

எல்லாவற்றிலும் அற்பமான பழுது ஒன்று உண்டு. அதுவே எம்மைக் கவிழ்த்தது.

சில ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் 20ஆந் தேதி சாடியை வைத்தோம். மறுநாட் காலை கிளாசில் ஒரு குமிழியுமில்லை, மாலையிலும் இல்லை. "மதுவம் செத்துப் போச்சுதுங்க, பழைய பக்கற்றாயிருக்கும்" என்றார் எம் மனைவியார். நாமும் ஆமோதித்து இன்னொரு கரண்டி மதுவமும், அதற்கு உணவாக ஒரு கைப்பிடி சீனியும் போட்டோம். அப்பொழுதும் கிளாசு அமைதியாகவே இருந்தது. சரி, பொங்காவிடினும் இஞ்சித் தண்ணீராகவாவது குடிக்கலாம் என்று, வீட்டிலிருந்த பழைய சோஸ் போத்தல்கள் பதினொன்றில் ஊற்றி, மூடிகளை இறுகத் திருகி, குசினி அலுமாரியின் கீழ் வைத்துவிட்டோம்.

உண்மை என்னவெனில் மதுவம் சாகவேயில்லை. மூடியின் விளிம்பில் மயிரிழையளவு வெடிப்பு ஒன்று இருந்தது. வாயுவெல்லாம் குழாயை நாடாமல் அவ்வழியே போய்க் கொண்டிருந்தது. சாடியைத் திறந்து ஒரு கரண்டி சுவைத்திருந்தால் இனிப்புக் குறைந்திருப்பதை நாவு சொல்லியிருக்கும். நாமோ குமிழியை மட்டுமே நம்பினோம்.

ஒரு கிராம் சீனி முற்றாக நொதித்தால் ஏறக்குறைய கால் லீற்றர் வாயு பிறக்கும். முக்கால் லீற்றர்ப் போத்தலொன்றில் இருக்கும் 75 கிராம் சீனி முழுதும் நொதித்தால் சுமார் 20 லீற்றர் வாயு! கடைச் சோடாவில் கரைந்திருப்பதோ போத்தலின் கொள்ளளவைப் போல் மூன்று நான்கு மடங்குதான். சோஸ் போத்தல் எந்த அமுக்கத்துக்கும் செய்யப்பட்டதன்று. கொழும்பின் வெப்பத்தில், இரட்டை மதுவத்தோடு, இரண்டு இரவுகள்.

இருபத்துமூன்றாந் தேதி நள்ளிரவுக்குப் பின் முதற் போத்தல் வெடித்தது. அதன் அதிர்ச்சியில் இன்னும் மூன்று. விளக்கை ஏற்றிப் பார்த்தபோது எதிர்ச் சுவரின் சாந்தில் கண்ணாடித் துண்டுகள் குத்தி நின்றன. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில்! அன்று மாலை முழுவதும் எம் பேத்தி அந்தச் சுவரோடு சாய்ந்திருந்துதான் போத்தல் மூடிகளை வைத்துக் கடை விளையாடிக் கொண்டிருந்தாள். நாமும் மனைவியாரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம். நெடுநேரம் எவரும் பேசவில்லை.

எஞ்சிய ஏழையும் என்செய்வது? தூக்கக்கூடாது, திறக்கக்கூடாது. குசினிக் கதவைச் சாத்திப் பிள்ளைகளை அப்புறப்படுத்தினோம். எம் மருமகன் மோட்டார் சைக்கிள் தலைக்கவசமும் தடித்த மேற்சட்டையும் அணிந்து, ஈரச் சாக்குகளைத் தூர நின்றே போர்த்தி, அவற்றின் மேல் ஐஸ் கட்டிகளைக் கொட்டினார். குளிரில் மதுவம் சோர்ந்துவிடும். வாயுவும் நீரில் கூடுதலாகக் கரைந்து அமுக்கம் தணியும். பல மணி நேரஞ் சென்றபின் சாக்கின் மேலாகவே மூடிகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினோம். அந்த நத்தாருக்கு வந்தோரெல்லாம் தேநீரே குடித்தனர்.

அதன்பின் எம் வீட்டில் கண்ணாடிப் போத்தலுக்கு இடமில்லை. சோடா வரும் பிளாஸ்டிக் போத்தல்களைக் கழுவி, கழுத்தளவுக்குச் சற்றுக் குறைய நிரப்புகின்றோம். அவை அமுக்கத்தைத் தாங்கவென்றே செய்யப்பட்டவை. அதைவிடப் பெரிய நன்மை, கையால் அமத்திப் பார்க்கலாம் என்பது. காலையில் நெகிழும் போத்தல் மாலையில் கல்லாக இறுகினால் அந்நொடியே குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். குளிர் மதுவத்தை உறங்கச் செய்யுமேயன்றிக் கொல்லாது. ஆகவே மின்வெட்டு நேரும் நாட்களில் மூடிகளைத் தளர்த்தி விடுகின்றோம். நாட்செல்ல மதுசாரமும் ஏறும் என்பதால், ஒரு வாரங் கடந்தது எதுவும் பிள்ளைகள் கையிற் படுவதில்லை.

இவ்வாண்டுச் சாடி இதை எழுதும்போது குசினி மூலையில் நுரை கக்கிக் கொண்டிருக்கின்றது. விரித்த பழைய பத்திரிகையெல்லாம் நனைந்துவிட்டது. பேத்தி இப்பொழுது பள்ளிக்கூடம் போகின்றாள். "தாத்தா, வழியுதே!" என்று ஓடி வந்தாள். வழியட்டும் என்றோம். அவளோ ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு, இனிப்புக் குறைந்துவிட்டதா என்று பார்க்கப் போயிருக்கின்றாள்.