ஏலியனா... மைக்ரோவேவ் அடுப்பா?

சினிமாவில் ஏலியன் வந்தால் என்ன நடக்கும்? நியூயார்க் பற்றி எரியும். அமெரிக்க அதிபர் டி.வி-யில் பேசுவார். ஹீரோ உலகத்தைக் காப்பாற்றுவார். நிஜத்தில்? ஏதோ ஒரு ஸ்டூடன்ட், ராத்திரியில் தனியா உட்கார்ந்து டேட்டாவைப் பார்த்துட்டு, 'ஐயய்யோ, எங்கேயோ தப்பு பண்ணிட்டோமோ!'னு நகம் கடிப்பார். நம்புங்க பாஸ், அப்படித்தான் நடந்திருக்கு.

வேற்று கிரகத்துக்காரர்களின் ரேடியோ சிக்னல் கிடைக்குமான்னு ஆரம்பத்திலேயே காது கொடுத்துக் கேட்டவர்களில் ஒருவர் ஃபிராங்க் டிரேக். 1960-ல் அமெரிக்காவின் கிரீன் பேங்க் டெலஸ்கோப்பை இரண்டு நட்சத்திரங்களை நோக்கித் திருப்பினார். ஒண்ணும் கிடைக்கலை.

பச்சை மனுஷங்க!

1967. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. பண்ணிக்கொண்டிருந்தார் ஜோஸ்லின் பெல். வயது 24. நாலரை ஏக்கரில் கம்பம் நட்டு, கம்பி இழுத்து டெலஸ்கோப் கட்டிய டீமில் சம்மட்டி பிடித்தவர். தினமும் கிட்டத்தட்ட நூறு அடி நீளத்துக்கு கிராஃப் பேப்பர் வந்து விழும். அத்தனையையும் கண்ணால்தான் பார்க்கணும். அதில் அரை சென்டிமீட்டருக்கு ஒரு விநோதக் கிறுக்கல். வேறு யாராவதா இருந்தால் விட்டிருப்பார்கள். பெல் விடலை. தோண்டிப் பார்த்தால், 1.3 விநாடிக்கு ஒரு துடிப்பு. கடிகாரம் மாதிரி அவ்வளவு துல்லியம்!

கைடு ஆன்டனி ஹ்யூயிஷ், 'இது மனுஷன் வேலையாத்தான் இருக்கும்' என்றார். அதுவும் இல்லைன்னு ஆனதும், பாதி கிண்டலா 'குட்டிப் பச்சை மனுஷங்க-1' என்று பேர் வைத்தார்கள். டிசம்பரில் வானத்தின் வேறொரு மூலையில் இன்னொரு துடிப்பைப் பிடித்தார் பெல். அப்பாடா! இரண்டு திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் ஏலியன்கள் நமக்கு 'மிஸ்டு கால்' கொடுக்க வாய்ப்பில்லையே! அது பல்சார் என்கிற, வேகமாகச் சுழலும் நட்சத்திரம்.

1974-ல் நோபல் வந்தது. கைடுக்கு! பெல்லுக்கு இல்லை. 2018-ல் இன்னொரு பரிசாக 30 லட்சம் டாலர் கிடைத்தபோது, இயற்பியலில் அதிகம் வாய்ப்பு கிடைக்காத பிரிவு மாணவர்கள் ஆராய்ச்சி பண்ணட்டும்னு மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். கிரேட்!

கிச்சன் சதி!

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் டெலஸ்கோப்பில் 1998-லிருந்தே அவ்வப்போது ஒரு மர்ம சிக்னல். 2015-ல் எமிலி பெட்ராஃப் என்கிற பிஎச்.டி. மாணவியும் அவர் டீமும் குற்றவாளியைப் பிடித்தார்கள். அது அங்கிருந்த மைக்ரோவேவ் அடுப்பு! சூடாகி முடியறதுக்குள்ளே யாரோ பசி தாங்காமல் கதவைத் திறந்தால், அந்த சிக்னல் வெளியே கசிகிறது.

அதே பார்க்ஸில் 2019-ல், நமக்கு மிக அருகில், 4.2 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் பிராக்ஸிமா சென்டாரியைக் கவனித்தார்கள். அந்த டேட்டாவை அடுத்த வருஷம் அலசிய ஷேன் ஸ்மித் என்ற இன்டர்ன், இன்னும் டிகிரி முடிக்காதவர், 982 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிக்னலைப் பார்த்தார்.

இங்கே ஒரு டெக்னிக் சொல்லணும். ஹாஸ்டல் ரூமில் ஏதோ சத்தம். ரூமுக்குள்ளிருந்து வருதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? வெளியே போய்க் கேட்பீங்க. வராண்டாவிலும் அதே சத்தம் கேட்டால், வேறெங்கிருந்தோ வருது. டெலஸ்கோப்பையும் அப்படித்தான் நட்சத்திரத்தைப் பார்த்து ஒரு தரம், விலக்கி ஒரு தரம்னு திருப்புவாங்க. இந்த சிக்னல் நட்சத்திரத்தைப் பார்க்கும்போது மட்டும் வந்தது. டெஸ்ட் பாஸ்!

அப்படியும் கொண்டாடலை. சோஃபியா ஷேக் தலைமையிலான டீம் குடைந்து பார்த்தால், இதே ஜாடையில் வேறு அலைவரிசைகளில் டஜன் கணக்கில் சிக்னல்கள். எல்லாம் பூமியின் எலெக்ட்ரானிக்ஸ் செய்த குறும்பு. 2021-ல், 'இது ஏலியன் இல்லை' என்று அவர்களே அறிவித்தார்கள்.

'இவ்வளவு வருஷம் தேடி ஜீரோதானா?'னு கேட்காதீங்க. உலகமே கைதட்டக் காத்திருக்கும்போது, 'ஸாரி, இது நம்ம வீட்டு அடுப்புதான்' என்று சொல்ல எவ்வளவு தில் வேணும்! இத்தனை பேர் 'இல்லை'ன்னு நேர்மையாச் சொன்னதால்தான், என்றைக்காவது ஒருத்தர் 'ஆமாம்' என்றால் உலகம் நம்பும்.

இந்தத் தேடலின் டேட்டாவில் ஒரு பகுதி எல்லோருக்கும் இலவசம். புரோகிராமிங் தெரிந்தால் நீங்களும் அலசலாம். விநோதமா ஏதாவது சிக்கினால் உடனே ட்ரீட் வைக்காதீங்க. முதலில் கிச்சன் பக்கம் போய் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க!