தாள் நகராது

“நாற்பது நாள் ஷட்டவுன் வேலையை லாங் சைஸ் நோட்டில் எழுதித்தான் ஓட்டுகிறேன். கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் போனில் ஆப் வைத்திருக்கிறார்கள், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கையால் எழுதினால் மூளை வளரும் என்று பேப்பரில் படித்தேன். உண்மையா?”

மீஞ்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலைய வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர்.

மூளை வளரும் என்ற பேச்சை முதலில் தள்ளிவிடலாம். 2024 ஜனவரியில் நார்வேயிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 36 மாணவர்களின் தலையில் 256 உணர்விகளைப் பொருத்தி, எழுதும்போதும் தட்டச்சு செய்யும்போதும் மூளையின் மின்னலைகளைப் பதிந்தார்கள். எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கு இடையே தொடர்பு கூடுதலாக இருந்தது. பேனா பிடித்தால் நினைவாற்றல் பெருகும் என்று ஊரெல்லாம் செய்தி பரவிவிட்டது. ஆய்வை எடுத்துப் படித்தால் வேறு கதை. அந்த மாணவர்கள் எழுதியது தொடுதிரையில், டிஜிட்டல் பேனாவால். காகிதமே கிடையாது. தட்டச்சு செய்தது வலதுகை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும். எழுதியது பிறகு நினைவில் நின்றதா என்று யாரும் சோதிக்கவில்லை. லேப்டாப்பில் குறிப்பெடுப்பவர்களைவிடக் கையால் எழுதுபவர்களுக்குப் பாடம் நன்றாகப் புரிகிறது என்று 2014இல் சொன்ன பிரின்ஸ்டன் ஆய்வும் அப்படித்தான். 2021இல் வேறொரு குழு அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த நன்மை தென்படவில்லை.

நம் வாசகரின் கேள்விக்கு நெருக்கமான ஆய்வு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் நடந்தது, 2021இல். 18 முதல் 29 வயதுக்குட்பட்ட 48 பேர். ஓர் உரையாடலைப் படித்து, அதிலுள்ள வகுப்பு நேரம், கெடு தேதி, சந்திப்பு என 14 விஷயங்களை நாட்காட்டியில் குறிக்க வேண்டும். ஒரு பிரிவுக்குக் காகித நோட்டு, ஒரு பிரிவுக்கு டேப்லெட்டும் டிஜிட்டல் பேனாவும், மூன்றாவது பிரிவுக்கு போன். நோட்டுக்காரர்கள் ஏறத்தாழ 11 நிமிடத்தில் முடித்தார்கள். டேப்லெட்டுக்கு 14, போனுக்கு 16. ஒரு மணி நேரம் கழித்துக் கேள்வி கேட்டபோது மொத்த மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை, எளிய கேள்விகளில் மட்டும் நோட்டுக்காரர்கள் முந்தினார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டேப்லெட்காரர்களும் கையால்தான் எழுதினார்கள். அப்படியும் பின்தங்கினார்கள் என்றால், விஷயம் பேனாவில் இல்லை. தாளில் இருக்கிறது.

தாளில் என்ன இருக்கிறது? அதைப் பார்க்கத்தான் மீஞ்சூருக்கு ரயிலேறினேன். ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் அவர் நோட்டை என் கையில் கொடுத்தார். பழுப்பு அட்டை போட்டது, ஓரமெல்லாம் சாம்பல் ஏறிக் கருத்திருந்தது. மூடியே வைத்துக்கொண்டு, “பம்ப் வால்வுக்கு கேஸ்கட் வரவில்லை என்றீர்களே, அது எங்கே?” என்றேன். “இடப்பக்கம் சார், மேல. எண்ணெய்க் கறைக்குக் கீழ சிவப்புல வட்டம் போட்டிருப்பேன்” என்றார். நாலே புரட்டலில் வந்துவிட்டது. எண்ணெய்க் கறை, அதன் கீழே சிவப்பு வட்டம்.

இதை 1971இலேயே எர்ன்ஸ்ட் ராத்காஃப் என்ற உளவியலாளர் ஆராய்ந்திருக்கிறார். படித்த செய்தி பக்கத்தின் எந்தப் பகுதியில் இருந்தது என்பதை, யாரும் நினைவில் வைக்கச் சொல்லாமலேயே மனம் குறித்துக்கொள்கிறது. இடம் நினைவிருப்பவர்களுக்குச் செய்தியும் நினைவிருந்தது. அதே ஆண்டில்தான் நரம்பியல் விஞ்ஞானி ஜான் ஓ’கீஃப், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்களை மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் கண்டார். அதற்கு 2014இல் நோபல் கிடைத்தது. டோக்கியோ நோட்டுக்காரர்களுக்குக் கூடுதலாக இயங்கிய பகுதிகளில் ஹிப்போகேம்பஸும் ஒன்று. எலிக்கூண்டையும் நோட்டுத் தாளையும் ஒரே முடிச்சில் கட்டிவிட முடியாது. ஆனாலும் நினைவும் இடமும் பக்கத்துப் பக்கத்து வீடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அஞ்சறைப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் போன இருட்டிலும் அம்மாவின் கை கடுகுக்குத்தான் போகும். நடுக்கிண்ணம் கடுகு, அதையொட்டி உளுந்து, மூலையில் சிந்திய மஞ்சள் கறை எல்லாமே வழிகாட்டி. போன் திரை என்பது திறக்கும்போதெல்லாம் கிண்ணங்கள் இடம் மாறிவிடும் அஞ்சறைப்பெட்டி. கடைசியாக எடுத்த வெந்தயம் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். சீரகம் எட்டுக் கிண்ணத்துக்கு அடியில் போய்விடும். எல்லாக் கிண்ணமும் ஒரே நிறம், ஒன்றிலும் கறை கிடையாது. எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது ‘கடுகு’ என்று தட்டித் தேட வேண்டும். கடுகு கிடைத்துவிடும், அதற்குள் எண்ணெய் கருகிவிடும்.

தாள் இடம் மாறக் கூடாது என்பதற்குப் பழைய சாட்சி வேண்டுமென்றால், பொதுப்பணித் துறையில் முடிந்த வேலையை அளந்து எழுதும் எம்-புக் போதும். பக்க எண் அச்சிலேயே இருக்கும். தாளைக் கிழிக்கக் கூடாது, இடையில் வெற்றுப் பக்கம் விடக் கூடாது, அழிக்கக் கூடாது, தப்பானதைக் கோடிட்டு அடித்துச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். பில்லில் மோசடி நடக்காமலிருக்கப் போட்ட விதிகள் இவை, நினைவுக்கும் அப்படியே பொருந்துகின்றன.

ஆனால் அந்த எண்ணெய்க் கறை வரைபடம் வாசகரின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. அடுத்த ஷிப்டுக்கு வருபவருக்கு அது வெறும் கறை. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்தார்கள். அதைச் சொல்லும் வேலை அனுமதித் தாள், அதாவது பர்மிட், இரவு ஷிப்டின் கண்ணில் படவில்லை. பம்பை ஓட்டினார்கள். வெடித்துத் தீப்பிடித்ததில் 167 பேர் இறந்தார்கள். தாள் நகராது என்பதுதான் அதன் பலம், அன்றைக்கு உயிரைக் குடித்ததும் அதுவே.

ஆகவே, மீஞ்சூர் ஐயா, உங்கள் வேலைக்கு நோட்டே சரி, விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே முதல் பக்கத்திலிருந்து எண் போடுங்கள். முடிந்த வேலையைக் கிழித்தெறியாமல், அடித்துத் தேதி போடுங்கள். பர்மிட்டையும் ஷிப்ட் ஒப்படைப்பையும் மட்டும் உங்கள் நோட்டோடு நிறுத்தாதீர்கள். எல்லோரும் பார்க்கும் பதிவில் ஏற்றி, அடுத்த ஷிப்ட்காரரிடம் வாயாலும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கேட்டைத் தாண்டுங்கள்.