வைக்கிங் பெண்ணின் புதைகுழியில் அரபு எழுத்து மோதிரம்
100 ஆண்டுகளுக்கு மேல் 'கல்' என்று நம்பப்பட்டது கண்ணாடி!

சுவீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் உள்ள வரலாற்று மியூசியத்தில் ஒரு வெள்ளி மோதிரம் இருக்கிறது. ஊதா நிறக் கல் பதித்தது. கல்லின் மேல் அரபு எழுத்துகள் செதுக்கப்பட்டுள்ளன.

அரபு நாடு எங்கே, பனி கொட்டும் சுவீடன் எங்கே? இந்த மோதிரம் அங்கே எப்படி வந்தது?

தீவில் கிடைத்தது

ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே மேலாரன் ஏரியில் ஒரு தீவு. 9-ம் நூற்றாண்டில் அங்கே பிர்கா என்ற வணிக நகரம் இருந்தது. வைக்கிங்குகளின் ஊர்.

யால்மர் ஸ்டோல்ப்பே என்ற ஆராய்ச்சியாளர் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே சுமார் 1,100 புதைகுழிகளைத் தோண்டிப் பார்த்தார். அவற்றில் ஒன்று ஒரு பெண்ணுடையது. உடையும் நகைகளும் அந்த நாட்டு வழக்கப்படியே இருந்தன. மோதிரம் மட்டும் வேற்று நாட்டுச் சரக்கு. 'அல்லாவுக்கு' என்று பொருள்படும் சொல் அதில் இருப்பதாகப் படித்திருக்கிறார்கள்.

வெளிப்பட்ட உண்மை

மியூசியப் பதிவேட்டில் இது 'அமெதிஸ்ட்' என்று எழுதப்பட்டிருந்தது. நம்மவர்கள் செவ்வந்திக்கல் என்பார்கள். பிறகு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துச் சோதித்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. அது கல்லே அல்ல. வெறும் நிறக் கண்ணாடி!

அந்தப் பெண்ணை யாராவது ஏமாற்றிவிட்டார்களா? அப்படிச் சொல்வதற்கில்லை. அந்தக் காலத்தில் அந்த வடக்குச் சீமையில் இத்தகைய கண்ணாடியே அரிய பொருள்தான். வெள்ளியும் உயர்ந்த ரகம்.

தேயாத கீறல்கள்

சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. வார்த்த மோதிரத்தை அரத்தால் ராவிய கீறல்கள் அப்படியே இருந்தன. பல பேர் விரலில் நெடுங்காலம் கிடந்திருந்தால் அவை தேய்ந்து மழுங்கியிருக்கும். ஆகவே செய்த தட்டானிடமிருந்து அதிகம் கை மாறாமல் அந்தப் பெண்ணிடம் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

முக்கியமான விஷயம் இதுதான். அரபு வெள்ளி நாணயங்கள் சுவீடனில் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. நாணயம் பத்துப் பேர் கை மாறியும் வந்துவிடும். வைக்கிங்குகள் நேரில் போனார்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. தேயாத இந்த மோதிரம் அதற்குச் சாட்சி சொல்கிறது.

ரஷ்ய நதிகளின் வழியே படகில் போன யாரோ ஒருவர் இதை வாங்கிப் பத்திரமாகக் கொண்டு வந்திருக்கலாம். தூர தேசம் போனவர் வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கி வருவது இன்று நேற்று வந்த பழக்கமா என்ன?

கொண்டு வந்தவர் கணவரா, தகப்பனாரா? அல்லது அந்தப் பெண்ணே அங்கிருந்து வந்தவளா? மோதிரத்தில் கடவுளின் பெயர் இருக்கிறது. மனிதர் பெயர் இல்லை.