பக்கானே: நெல் நோய் ஒன்றின் பெயரும் அதன் பொருளும்

நாற்றங்காலில் சில நாற்றுக்கள் மட்டும் மற்றவற்றைக் காட்டிலும் ஓங்கி வளர்ந்திருக்கக் கண்டால், அதனைச் செழிப்பென்று எண்ணி மகிழ்வது குடியானவர்களுக்கு இயல்பு. ஆயின், நெட்டை நாற்றெல்லாம் நல்ல நாற்றன்று. ஜப்பான் தேசத்துக் குடியானவர்கள் இதனை அனுபவத்தால் அறிந்து, அத்தகைய நாற்றுக்குப் 'பக்கானே' என்று பெயரிட்டனர். அவர்கள் பாஷையில் 'பக்கா' என்பது மூடன். 'நயே' என்பது நாற்று. எனவே 'மூட நாற்று' என்பதே இதன் பொருள்.

இப்பெயர் பொருத்தமானதே. இந்நாற்று தன் பலம் முழுவதையும் உயரத்தில் செலவிட்டு, மெலிந்து வெளிறி நிற்கும். அடிக்கணுக்களில் வேர் விடும். நட்ட பின்னர் பெரும்பாலும் காய்ந்துவிடும். தப்பிப் பிழைப்பதும் பதரையே தரும்.

இதற்குக் காரணம் ஒருவகைப் பூஞ்சணம். 1926-ஆம் வருஷத்தில், அக்காலத்தில் ஜப்பானியர் ஆட்சியிலிருந்த தைவான் தீவில், குரொசாவா என்னும் நிபுணர் அப்பூஞ்சணம் வளர்ந்த திரவத்தை வடிகட்டி, பூஞ்சணம் நீங்கிய அத்திரவத்தை நல்ல நாற்றுக்களுக்கு இட்டார். அவையும் நெட்டையாயின. பூஞ்சணம் சுரக்கும் பொருளே இவ்வளர்ச்சிக்குக் காரணமென்பது இதனால் விளங்கிற்று. 'ஜிபரெல்லா' என்ற பூஞ்சணப் பெயரைக் கொண்டே, யபூட்டா என்பவர் 1935-இல் அப்பொருளுக்கு 'ஜிபரெல்லின்' என்று பெயரிட்டார். இன்று விதையில்லாத் திராட்சையைப் பருக்கச் செய்வதற்கு அதுவே பயன்படுகிறது. அளவறிந்து இட்டால் நன்மை செய்யும் பொருளே, அளவு மீறி நாற்றினுள் சுரக்கையில் அதனை அழிக்கிறது.

நம் நாட்டு நெல் வயல்களிலும் இந்நோய் உண்டு. இது முக்கியமாக விதையின் மூலமாகவே பரவுவதால், மிராசுதார்கள் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. நோய் கண்ட வயலின் நெல்லை விதைக்கு எடுக்கலாகாது.

2. கோழி முட்டை மிதக்குமளவு உப்புக் கரைத்த நீரில் விதையைக் கொட்டி, மிதப்பவற்றை நீக்கி, எஞ்சியதை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும்.

3. கழுவிய விதையை, ஒரு கிலோவுக்கு 2 கிராம் கார்பென்டசிம் வீதம் மருந்திட்டு நேர்த்தி செய்தல் நலம்.

4. நெட்டை நாற்றுக்களைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும், நடுதல் கூடாது.

கிராம அதிகாரிகள், நோய் கண்ட வயலின் நெல் அயலாருக்கு விதையாகக் கைமாறாதபடி எச்சரித்து, வேளாண்மை விரிவாக்க மையத்திற்கும் தெரிவிப்பார்களாக. உயரத்தைக் கண்டு ஏமாறாதிருத்தலே இப்பெயர் நமக்குக் கற்பிக்கும் பாடம்.