பழைய ஸ்னூக்கர் மேஜைக்குப் புதுத் துணி

கிளப்புகளில் ஓரங்கட்டப்பட்ட ஸ்னூக்கர், பூல் மேஜைகளைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுப்பதில்லை. துணி நைந்துவிட்டது, பந்து கோணலாக ஓடுகிறது என்று சொல்லிக் கழித்துக் கட்டிவிடுகிறார்கள். அந்த மேஜைகளில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய முடியும். ஏனென்றால் மேஜையின் விலைமதிப்பான பாகத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அந்தப் பாகம் கல். பச்சைத் துணிக்கு அடியில் மரப்பலகை இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வளையும். 1826-ல் லண்டன் மேஜைத் தயாரிப்பாளர் ஜான் தர்ஸ்டன் மரத்துக்குப் பதிலாகச் சிலேட்டுக் கல்லைப் பயன்படுத்தினார். இன்றும் நல்ல மேஜை என்றால் சிலேட்தான். 12 அடி ஸ்னூக்கர் மேஜையில் ஐந்து கற்கள். ஒவ்வொன்றும் நூறு கிலோவைத் தாண்டும். 9 அடி பூல் மேஜையில் வழக்கமாக மூன்று.

தேய்வது துணியும், மேஜை ஓரத்துக் குஷன்களின் ரப்பரும். துணி கம்பளி நூலில் நெய்தது. ஓங்கி அடித்த பந்து துணியில் உரசும்போது பிறக்கும் சூட்டில் இழை கருகி, வெள்ளைப் புள்ளிகள் விழும். பந்துகளை அடுக்கும் இடத்தில் சிறு பள்ளங்கள் உண்டாகும். பழைய துணியை உரித்துப் பார்த்தால், நெசவின் இடுக்கு வழியே இறங்கிய சாக் தூள் கல்லின் மேல் மாவாகப் படிந்திருப்பது தெரியும்.

வேலை குஷன்களைக் கழற்றுவதில் தொடங்குகிறது. பிறகு ஆணிகளையோ ஸ்டேப்பிள் பின்களையோ ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். ஒரு முனை உடைந்து தங்கினாலும் புதுத் துணி அங்கே புடைத்துக்கொள்ளும். கல்லைத் துடைத்த பின்தான் உண்மையான கைத்திறன் வெளிப்படுகிறது: மட்டம் பார்ப்பது. கொத்தனாரின் ரசமட்டம் இதற்குப் போதாது. ஒரு மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்வைக்கூடக் காட்டும் மட்டக்கருவிகள் உண்டு. தேர்ந்த மெக்கானிக் அத்தகைய ஒன்றைக் கற்களின் சந்திப்பில் குறுக்கும் நெடுக்கும் வைத்து, எந்தக் கல் தாழ்ந்திருக்கிறதோ அதற்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய ஆப்புச் செருகுவார். மெதுவாக உருளும் பந்து கடைசி ஓரடியில் விலகுகிறதென்றால், தப்பு பெரும்பாலும் இங்கேதான். மட்டம் வந்ததும் சந்திப்புகளை மெழுகாலோ பட்டியாலோ நிரப்பி, விரலால் தடவினால் கோடு தட்டாத அளவுக்குத் தேய்த்துவிடுவார்.

அடுத்தது துணி. பூல் மேஜைக்குப் பெரும்பாலும் மயிரில்லாத வழவழத் துணி. ஸ்னூக்கர் துணியிலோ மெல்லிய மயிர் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். அது ஆட்டம் தொடங்கும் பாக் பக்கத்திலிருந்து கறுப்புப் பந்தின் பக்கம் நோக்கிப் படிய வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் ஆட்டமே மாறிவிடும். ஒரு முனையைப் பொருத்திவிட்டு மறுமுனையை மத்தளத் தோல் போல விறைப்பாக இழுப்பார்கள். தொய்ந்த துணியில் பந்து மந்தமாக ஓடும், சுருக்கமும் விழும். பாக்கெட் வாய்களில் பொறுமை வேண்டும்: சிறு சிறு வெட்டுகளாகப் போட்டு, உள்பக்கம் மடித்து இழுத்துப் பொருத்த வேண்டும். கத்தரி கொஞ்சம் தாண்டினாலும் முழுத் துணியும் வீண். கடைசியாக பாக் கோடு. குஷன் முகப்பிலிருந்து 29 அங்குலம். அதன் நடுவில் 11½ அங்குல ஆரத்தில் அரைவட்டம்.

பலர் கோட்டைவிடுவது குஷனில். 1845 வாக்கில் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் வந்த பிறகே குஷன் குளிரிலும் இறுகாமல் நின்றது. ஆனாலும் வயதாக ஆக அது கல்லாகத்தான் போகும். செத்த ரப்பரின் மேல் புதுத் துணி போர்த்துவது வீண்செலவு. இதை நான் உறுதியாகவே சொல்வேன். ரப்பரை மாற்றும்போது உயரத்தையும் கவனிக்க வேண்டும்: பூல் மேஜையில் குஷனின் மூக்கு, பந்தின் விட்டத்தில் ஏறத்தாழ 63.5 சதவீத உயரத்தில் நிற்க வேண்டும். தாழ்ந்தால் பந்து துள்ளும்.

கம்பளி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெரிய ஸ்னூக்கர் போட்டிகளில் கல்லுக்கு அடியில் சூடேற்றும் கருவி வைப்பது அதனால்தான். கடலோர ஊர்களில் ஆட்டம் முடிந்ததும் மேஜையை மூடிவைப்பதே பாதிப் பராமரிப்பு. ஸ்னூக்கர் துணியைத் துலக்கும்போது மயிர் சாயும் திசையிலேயே பிரஷை ஓட்டுங்கள். எதிர்த்து ஓட்ட வேண்டாம்.

பழைய மேஜை ஒன்று உங்கள் கைக்கு வந்தால், துணியின் விலை விசாரிக்கும் முன் ஒரு பந்தை நீளவாக்கில் ஓங்கி அடித்துப் பாருங்கள். குஷனில் மொத்தென்று சத்தம் கேட்டு, இரண்டாம் சுற்றிலேயே பந்து சோர்ந்து நின்றால் முதல் செலவு ரப்பருக்கு. கல்லில் விரிசல் இல்லையென்றால் அந்த மேஜையைத் தாராளமாக வாங்கலாம்.