பகல் வெளிச்சத்தில் ஒரு மெழுகுவர்த்தி

மரண தண்டனைக் காட்சி ஒண்ணு வரையச் சொன்னா நாம என்ன வரைவோம்? கயிறு, கோடாரி, ரத்தம். ரஷ்ய ஓவியர் வசிலி சூரிக்கோவ் 1881-ல் முடித்த ‘ஸ்த்ரெல்த்ஸி தண்டனை நாளின் காலை’ ஓவியத்தில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. ஆனாலும் பார்த்தா மனசு கனத்துப்போகும்.

முதல்ல கதை. ஸ்த்ரெல்த்ஸி என்பவர்கள் மாஸ்கோவின் பழைய துப்பாக்கிப் படையினர். 1698-ல் மன்னர் முதலாம் பீட்டர் ஐரோப்பாவில் இருந்த நேரம் பார்த்துக் கலகம் செய்தார்கள். கலகம் அடங்கியது. திரும்பி வந்த பீட்டர் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்.

இப்போ படத்தைப் பாருங்க. இடம் செஞ்சதுக்கம். இடது பக்கம் புனித பசில் தேவாலயம்; அதன் நடுக் கோபுரம் முழுசா தெரியாது, ஃப்ரேம் வெட்டிடுது. வலது பக்கம் கிரெம்ளின் சுவர், அதை ஒட்டி தூக்கு மரங்கள். நிஜத்தில் அந்தச் சதுக்கம் ரொம்ப அகலம். சூரிக்கோவ் அதைச் சுருக்கி, கூட்டத்தை நெருக்கி அடைச்சிருக்கார். நமக்கே மூச்சு முட்டுது.

இடது பக்கம் வண்டிகள், சேறு, அழுற மனைவிகள், குழந்தைகள். வலது பக்கம் வரிசையா நிற்கும் புதுப் படை, குதிரை மேல் பீட்டர். சாகப்போறவங்க வெள்ளைச் சட்டையில, கையில எரியும் மெழுகுவர்த்தியோட. அதில் சிவப்புத் தாடிக்காரர் ஒருத்தர் கூட்டத்தைத் தாண்டி நேரா பீட்டரையே முறைக்கிறார். பீட்டரும் முறைக்கிறார். மொத்தப் படமும் அந்த ஒரு கோட்டில்தான் நிற்குது.

பகலில் ஒரு வெள்ளைச் சட்டை மேல் மெழுகுவர்த்தி வெளிச்சம் விழுந்ததைப் பார்த்ததுதான் இந்த ஓவியத்துக்கு விதை என்று சூரிக்கோவ் பின்னாளில் சொன்னார். இன்னொரு கதையும் சொன்னார். நண்பர் இல்யா ரேபின், “ஒருத்தரையாவது தூக்கில் காட்டு” என்றாராம். சும்மா ஒரு உருவம் வரைஞ்சு பார்த்தார். வீட்டுப் பணிப்பெண் அதைப் பார்த்து மயங்கி விழ, உடனே அழிச்சிட்டார்.

அழிச்சது சரின்னுதான் தோணுது. பிணத்தைக் காட்டியிருந்தா ஒரு நிமிஷம் பயந்துட்டு நகர்ந்திருப்போம். இப்போ, உயிரோட இருக்கிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கு.

வலது பக்கம் ஒருத்தரை வீரர்கள் கூட்டிட்டுப் போறாங்க. அவர் கையில் மட்டும் மெழுகுவர்த்தி இல்லை.