தண்டு மட்டும்தான் வளைந்திருக்கிறதா?

“மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது” என்று மருத்துவர் சொன்னதுமே பலர் மனத்தளவில் ஆபரேஷனுக்குத் தயாராகிவிடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரு பக்கம் அடைத்து, வாயைத் திறந்து தூங்கி, தொண்டை வறண்டு எழுந்தவருக்கு அடைப்பின் காரணம் பிடிபட்டதே பெரிய நிம்மதி. ஆனால் நடுத்தண்டு நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பவர்கள்தாம் குறைவு. வளைந்த தண்டோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து முடிப்பவர்கள் ஏராளம். உங்கள் அடைப்புக்கு அந்த வளைவுதான் காரணமா என்பதை அறுவைக்கு முன்பே தெரிந்துகொண்டாக வேண்டும்.

அதற்கு நிபுணரைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 2018இல் செங்காங் பொது மருத்துவமனை வந்த பிறகு, வடகிழக்கு வட்டாரவாசிகள் பெரிய மருத்துவமனையைத் தேடி நகருக்குள் போகும் தேவை குறைந்துவிட்டது. அங்கே நேராகப் போய் நிற்பதைவிடப் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போவது நல்லது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிபுணர் கட்டணத்தில் அரசு மானியம் கிடைக்க அது ஒரு வழி. நிபுணரைப் பார்க்கும் நாள்வரை காத்திருக்கும் வாரங்களும் வீண்போக வேண்டியதில்லை. மருந்தகத்தில் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே கொடுத்தால் அதை ஒழுங்காக, தினமும் அடியுங்கள். அதன் பலன் தெரியவே சில வாரங்கள் பிடிக்கும். இரண்டு நாள் அடித்துவிட்டு “கேட்கவில்லை” என்று நிறுத்தியவரிடம் நிபுணரும் பெரும்பாலும் அதையேதான் முதலில் தொடரச் சொல்வார்.

ஏன் ஸ்பிரே? ஈரக்காற்று ஆண்டு முழுவதும் வீசும் இந்தத் தீவில், மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சிகள்தாம் மூக்கு ஒவ்வாமையின் முதன்மைக் காரணம். புளோமியா டிராபிகாலிஸ் என்ற வெப்பமண்டல வகை இங்கே மிகப் பரவலாக இருக்கிறது. ஒவ்வாமை வந்தால், மூக்கின் பக்கச்சுவரில் உள்ள கீழ்ச்சங்கு என்ற சதை வீங்கி வழியை அடைக்கும். தண்டின் வளைவும் சேர்ந்துகொண்டால் துன்பம் இரட்டிப்பாகும். அறுவை தண்டை நேராக்கும், ஒவ்வாமையைக் குணப்படுத்தாது. இதைச் சொல்லாமல் செய்யப்படும் அறுவைதான் ஓராண்டு கழித்து “திரும்பவும் அடைக்கிறதே” என்ற ஏமாற்றத்தில் முடிகிறது.

காரணத்தைப் பிரித்தறிய எளிய சோதனைகளே போதும். சதையைச் சுருக்கும் மருந்தை மூக்கில் அடித்துவிட்டுப் பார்ப்பார்கள். உடனே வழி திறந்துவிட்டால் பெரும் பங்கு வீக்கத்துடையது. கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் இழுத்ததும் மூச்சு எளிதானால், மூக்கின் முன்பகுதிக் குறுகலையும் கவனிக்க வேண்டும். தண்டை மட்டும் சரிசெய்தால் அது தீராது. மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பின்பக்கம்வரை பார்ப்பார்கள். சைனஸ் தொந்தரவு இல்லாத வெறும் வளைவுக்கு சி.டி. ஸ்கேன் பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

மருந்துக்கடையில் தாமாக வாங்கும், உடனே மூக்கைத் திறக்கும் ஸ்பிரே வேறு வகை. அதைச் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். அதை அடித்துவருகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

கோடாலித் தைலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1928இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட லியுங் காய் ஃபூக் நிறுவனத்தின் சரக்கு அது. தமிழ்நாட்டுக்குப் போகும் பெட்டிகளில் தவறாமல் இடம்பிடிப்பது. முகர்ந்ததும் மூக்கு திறந்ததுபோல் இருக்கும். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ரான் எக்கிள்ஸ் அளந்து பார்த்தபோது, அந்தத் தைலத்தில் உள்ள மென்தால் காற்றோட்டத்தைக் கூட்டுவதில்லை என்று தெரிந்தது. குளிர்ச்சியை உணரும் நரம்புகளை அது தூண்டுகிறது. மூளை அதைத் தாராளமான மூச்சாக எடுத்துக்கொள்கிறது. மூச்சு விடும் நிறைவு, வழியின் அகலத்தை மட்டும் பொறுத்ததில்லை என்பதற்கு இது நல்ல சான்று. கீழ்ச்சங்கை அளவுக்கு மீறி வெட்டிவிட்டால், வழி அகலமாக இருந்தும் மூச்சே போகாததுபோல் சிலர் தவிப்பதுண்டு. எனவே தண்டோடு சதையையும் குறைக்கப்போவதாகச் சொன்னால், எந்த முறையில், எவ்வளவு என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவே இல்லை.

உண்மையிலேயே வளைவுதான் காரணம் என்றால், தயங்கத் தேவையில்லை. நெதர்லாந்தில் 203 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்விலும், பிரிட்டனில் 378 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்விலும் அறுவை செய்துகொண்டவர்களே கூடுதல் நலம் பெற்றார்கள். பிரிட்டன் ஆய்வில் தொல்லையை 110 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் அளந்தார்கள். ஆறு மாதம் கழித்து, ஸ்பிரே மட்டும் பயன்படுத்தியவர்களின் சராசரி ஏறத்தாழ 40. அறுவை செய்தவர்களுக்கு 20. குறட்டை நிற்கும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோயை இந்த அறுவை மட்டும் தீர்ப்பது அரிது.

மயக்கம் கொடுத்து, மூக்கின் உட்புறமாகவே செய்வதால் முகத்தில் தழும்பு விழாது. நூறாண்டுக்கு முன் ஃப்ரீயர், கில்லியன் என்ற மருத்துவர்கள் வளைந்த குருத்தெலும்பை வெட்டி எடுத்துவிடும் முறையைப் பரப்பினார்கள். எல்லை மீறி எடுத்தால் மூக்குமேடு குழிந்துவிடும் என்பதால், முன்பக்கமும் மேற்பக்கமும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குத் தாங்கலை விட்டுவைக்கிறார்கள். இரத்தக்கசிவு, தொற்று, தண்டில் ஓட்டை விழுதல், மேல் முன்பற்களில் சில காலம் மரத்துப்போதல், அடைப்பு முழுதாக நீங்காமை ஆகியவை நேரக்கூடியவை. அரிதாக வாசனை தெரிவது குறையலாம்.

மூக்குத்தியைக் கழற்றச் சொல்வார்கள். பல ஆண்டுகளாகக் கழற்றாத அம்மாக்களுக்கு அது எளிதாக வராது; கடைசி நேரத்தில் போராடாமல் முன்கூட்டியே கழற்றப் பாருங்கள். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, ஜின்செங், நாட்டு மருந்து என எது சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள். சில இரத்தக்கசிவைக் கூட்டும். அதே நேரம் இதயத்துக்காகக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முதல் வாரம் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைக்கும். வீக்கமும் உள்ளே வைத்த தகடும் அதற்குக் காரணம். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், உப்புநீரால் கழுவிவர வேண்டும். ஓரிரு வாரங்களுக்குப் பாரம் தூக்குவதும் விமானப் பயணமும் வேண்டாம். தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட் போட்டவர்கள் தேதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடுவரை காவடி எடுக்க நேர்ந்துகொண்டவர்கள், தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் அறுவையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, மூச்சுக்கான இந்த அறுவைக்கு மெடிசேவ் சேமிப்பு, மெடிஷீல்டு லைஃப் காப்பீடு இரண்டையும் வரம்புக்குள் பயன்படுத்தலாம். அழகுக்காக மூக்கின் வடிவை மாற்றினால் கிடையாது. வேலை அனுமதியில் இருக்கும் நம் தம்பிமார்களுக்கு மானியம் இல்லை. 2023 ஜூலை முதல், உள்நோயாளிச் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக் காப்பீட்டை முதலாளிகள் எடுத்தாக வேண்டும். திட்டமிட்ட அறுவைக்கு அந்தக் காப்பீடு பணம் தருமா என்று தேதி குறிக்கும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.